‘ரூல் அவுட்’னா இருக்குன்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?

1/
அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டு, தனியார் கிளினிக் லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி, எதை எடுத்தாலும் அதுல ஒரு வார்த்தை அடிக்கடி வரும். ‘ரூல் அவுட்’. நாங்க அதை முழுசாகூட எழுத மாட்டோம். ஆர், ஒரு சாய்கோடு, ஓ. பக்கத்துல ஒரு நோயோட பேரு. அவ்வளவுதான். ஆனா இந்த ரெண்டு எழுத்தைத் தப்பாப் படிச்சு பயந்தவங்களும் உண்டு, தப்பாப் படிச்சு நிம்மதியானவங்களும் உண்டு. ரெண்டாவது கூட்டம்தான் ஆபத்து. அதுக்காகத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல நேரடி அர்த்தம். ‘ரூல் அவுட்’ பண்றதுன்னா ஒரு நோய் இல்லைன்னு உறுதி செஞ்சு தள்ளி வைக்கிறது. நெஞ்சு வலின்னு ஒருத்தர் வந்தா காரணம் பத்து இருக்கலாம். மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாய்ல அடைப்பு, தசைப் பிடிப்பு, வயித்து அமிலம், மனப்பதற்றம். இதுல உயிருக்கு ஆபத்தானதை முதல்ல எடுத்துப் பார்ப்போம். வீட்ல முறத்துல அரிசி புடைக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. கல்லு இருக்குமோன்னுதான் புடைக்கிறாங்க. புடைக்கிறதாலேயே அந்த அரிசியில கல்லு இருக்குன்னு ஆயிடாது.

3/
சிக்கல் எங்க வருதுன்னா, இந்த ஒரு வார்த்தை மூணு விதமா வரும்.

‘டு ரூல் அவுட்’: இருக்கான்னு இனிமேதான் பார்க்கணும்.
‘ரூல்டு அவுட்’: பார்த்தாச்சு, இல்லை.
‘கேனாட் பி ரூல்டு அவுட்’: பார்த்தோம், ஆனா இல்லைன்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது.

மூணும் மூணு சேதி. இதைச் சுருக்கி ‘ஆர்/ஓ’ன்னு எழுதும்போது முன்னாடி நிக்கிற ‘டு’ போயிடுது, ரூலோட ஒட்டியிருக்கிற ‘டு’வும் போயிடுது. அர்த்தம் முழுக்க அந்த ரெண்டு ‘டு’லதான் இருந்துச்சு.

4/
வேடிக்கை என்னன்னா, வார்டுல நாங்க வாயால பேசிக்கும்போது இந்தக் குழப்பம் வர்றதே இல்ல. ‘ரூல் அவுட் பண்ணணும்’, ‘பண்ணியாச்சு’, ‘பண்ண முடியல’. இங்கிலீஷ் வார்த்தையோட நம்ம ‘பண்ணு’ சேர்ந்துட்டா, அதோட வாலைப் பார்த்தே வேலை முடிஞ்சுதா, பாக்கி இருக்கான்னு தெரிஞ்சுடும். நைட் டியூட்டி டாக்டர் காலையில வர்ற டாக்டர்கிட்ட கேஸை ஒப்படைக்கும்போது அந்த ‘ணும்’, ‘யாச்சு’தான் முக்கியமே. உங்க கைக்கு வர்ற சீட்டுல மட்டும் அந்த வால் இருக்காது.

5/
இப்ப அந்த சீட்டை யார் யார் படிக்கிறாங்கன்னு பாருங்க.

இங்கிலீஷ் அவ்வளவா தெரியாதவங்க ‘ஆர்/ஓ’வைத் தாண்டி நோய் பேரை மட்டும் படிப்பாங்க. ‘டிபி’ன்னு எழுதியிருக்கு, அப்ப எனக்கு டிபி. முடிஞ்சது. மெடிக்கல் ஷாப்ல மருந்து எடுத்துக் கொடுக்கிற பையன் படிப்பான். சீட்டை போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டா சித்தப்பா, பெரியப்பா, மதுரையில இருக்கிற அத்தை எல்லாரும் படிப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள வீடே துக்க வீடு.

6/
இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவங்க நேர் எதிரா படிப்பாங்க. ஏன்னா வெளியில இந்த வார்த்தை அப்படித்தான் புழங்குது. ஒரு பவுலருக்கு முட்டியில அடி, தொடர்ல இருந்து ‘ரூல்டு அவுட்’னு செய்தி வந்தா, அவர் ஆட மாட்டார், முடிஞ்சுபோச்சு. ஒரு தலைவர் கூட்டணியை ‘ரூல் அவுட்’ பண்ணிட்டாருன்னா, கூட்டணி கிடையாது. இதுக்குப் பழகின கண்ணு ‘ரூல் அவுட் டிபி’ன்னு பார்த்ததும் என்ன நினைக்கும்? டிபி இல்லைன்னு டாக்டரே எழுதிட்டார்.

ஒரே சீட்டு. அப்பா படிச்சா நோய் இருக்கு. பையன் படிச்சா நோய் இல்ல. ரெண்டு பேரும் தப்பு.

7/
நடந்த ஒண்ணு சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஹார்பர்ல லோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், திருவொற்றியூர் பக்கம். மூணு வாரமா இருமல். அக்கம்பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டியிருக்காங்க. சீட்டுல இருமல் மருந்து, அதுக்கு மேல ‘ஆர்/ஓ டிபி’, சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஒரு வரி. பையன் இன்ஜினியரிங் முடிச்சவர். அப்பாவுக்குத் தைரியம் சொல்லியிருக்கார்: “டிபி ரூல் அவுட்னு போட்டிருக்காருப்பா. ஒண்ணும் இல்ல.” டெஸ்ட் எடுக்கல.

8/
ரெண்டு மாசம் கழிச்சு எங்க ஓபிக்கு வந்தாங்க. வேட்டி இடுப்புல நிக்கல, அவ்வளவு இளைச்சிருந்தார். சளியில டிபி கிருமி இருந்துச்சு. மருந்து ஆரம்பிச்சோம், ஆறு மாசம் விடாம சாப்பிட்டார், இப்ப நல்லா இருக்கார். ஆனா அந்த ரெண்டு மாசமும் அவர் பக்கத்துல படுத்துத் தூங்கினது மூணு வயசுப் பேத்தி. அந்தக் குழந்தையை வரவழைச்சுப் பரிசோதிச்சு, நோய் இல்லைன்னு பார்த்துட்டு, வராம இருக்கத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டி வந்துச்சு.

பையன்மேல எனக்குக் கோபமே இல்ல. அவர் படிச்ச இங்கிலீஷ்ல அவர் புரிஞ்சிக்கிட்டது சரி.

9/
பயப்படுறவங்க பக்கமும் நஷ்டம் சின்னது இல்ல. இந்த ஏரியாவுல பாதிப் பேருக்கு கான்ட்ராக்ட் வேலை. லீவுக்குக் காரணம் காட்ட ஓபி சீட்டை மேஸ்திரிகிட்ட நீட்டுவாங்க. அதுல ‘டிபி’ன்னு ரெண்டு எழுத்து இருந்தா, “நீ உடம்பைப் பார்த்துக்கோப்பா, அப்புறமா சொல்லி அனுப்புறேன்”னு சொல்லிடுவார். சொல்லி அனுப்ப மாட்டார். டெஸ்ட் ரிசல்ட் இல்லைன்னு வர்றதுக்குள்ள வேலை போயிடும். கல்யாணம் பேசிட்டிருக்கிற பொண்ணோட சீட்டா இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

10/
இன்னொரு ‘ரூல் அவுட்’ இருக்கு. அதை டாக்டர் பண்றது இல்ல, நாமளே வீட்ல பண்ணிக்கிறது. இருமலா? “எண்ணூர் காத்து அப்படித்தான் டாக்டர்.” மூச்சு வாங்குதா? “மணலி புகை.” சளியா? “கன்டெய்னர் லாரி தூசி.” உண்மைதான், இந்தக் காத்துல இருமல் வரும். அதை நான் மறுக்கல. ஆனா புகை ஒரு காரணமா இருக்கிறதால டிபி இல்லைன்னு ஆகாது. ஒரே நுரையீரல்ல ரெண்டும் இருக்கலாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா, நீங்க எந்தக் காத்தைச் சுவாசிச்சாலும் சளி டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

11/
அந்த டெஸ்ட்லயும் ஒரு விஷயம். சளியைக் கண்ணாடித் துண்டுல தடவி மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறது பழைய முறை. ஒரு மில்லி சளியில ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமி இருந்தாத்தான் அதுல கண்ணுக்குச் சிக்கும். அதனால ‘கிருமி தெரியல’ன்னு வந்தாலே டிபி ரூல் அவுட் ஆயிடாது. அதைவிட ரொம்பக் குறைவா இருந்தாலும் கண்டுபிடிக்கிற சிபிநாட், ட்ரூநாட் மாதிரி மரபணு டெஸ்ட் இப்ப அரசு ஆஸ்பத்திரியில இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீங்க. ஆழமா இருமி நெஞ்சுல இருந்து வர்ற சளியைக் கொடுங்க. எச்சிலை டெஸ்ட் பண்ணி எதையும் ரூல் அவுட் பண்ண முடியாது.

12/
அடுத்தது நெஞ்சு வலி. காசிமேட்டுல இருந்து ஒரு அண்ணன் வர்றாருன்னு வைங்க. வேர்த்துக் கொட்டுது, இடது கை இழுக்குது. இசிஜி எடுக்கிறோம், நார்மல். அவர் உடனே சட்டையை மாட்டிக்குவார். “நார்மல்தானே டாக்டர், கேஸாத்தான் இருக்கும். போட்டு கெளம்பிடும், நான் போணும்.”

மாரடைப்பு ஆரம்பிச்ச நேரத்துல எடுக்கிற முதல் இசிஜி சில பேருக்கு நார்மலாவே இருக்கும். இதயத் தசை சிதையும்போது வெளிவர்ற ட்ரோபோனின், ரத்தத்துல தெரியுற அளவுக்கு ஏறவும் சில மணி நேரம் ஆகும்.

13/
அதனாலதான் “இன்னொரு இசிஜி எடுக்கணும், இன்னொரு ரத்த டெஸ்ட் எடுக்கணும், கொஞ்ச நேரம் படுங்க”ன்னு சொல்றோம். அந்த சில மணி நேரம்தான் ‘ரூல் அவுட்’. அது ஒரு டெஸ்ட் பேரு இல்ல, நேரம் எடுக்கிற ஒரு வேலை. பாதியில எழுந்து போனா வேலை முடியல. ஒரு நாள் கடலுக்குப் போகலன்னா வீட்ல அடுப்பு எரியாதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் “அப்சர்வேஷன்ல இருங்க”ன்னு மொட்டையாச் சொன்னா பத்தாது. “அண்ணே, மாரடைப்பு இல்லைன்னு இன்னும் எனக்கே தெரியல. தெரிய இன்னும் இவ்வளவு மணி நேரம் ஆகும்”னு சொன்னா பெரும்பாலும் இருப்பாங்க.

14/
மழைக்காலத்துல டெங்கு. என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ், அப்ப டெங்கு இல்லைன்னு சந்தோஷமா போவாங்க. அந்த டெஸ்ட் காய்ச்சல் வந்த முதல் அஞ்சு நாள்லதான் நல்லாப் பிடிக்கும். ஏழாவது நாள் எடுத்து நெகட்டிவ் வந்தா, அது டெங்குவை ரூல் அவுட் பண்ணல. அந்த நேரத்துக்கு ஐஜிஎம் டெஸ்ட் வேணும். அதனால ரிசல்ட் பேப்பரை மட்டும் கொண்டு வராதீங்க. காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு தேதியும் சொல்லுங்க. தேதி தெரியாத நெகட்டிவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

15/
மூணாவது வடிவத்துக்கு வர்றேன். ‘கேனாட் பி ரூல்டு அவுட்’. இதை எங்க ஏரியா மறக்காது. 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர்ல ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கடல்வழியா அமோனியா கொண்டு வர்ற குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க நடு ராத்திரியில கண் எரிச்சலோட, குழந்தைங்களைத் தூக்கிட்டு வீட்டை விட்டு ஓடினாங்க. மூச்சுத் திணறலோட பல பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அதே டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியில இருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தையே மூடியிருந்த நேரம் அது.

16/
அமோனியா ஈரம் இருக்கிற இடத்துல கரைஞ்சு காரமா மாறிடும். அதனாலதான் கண்ணு, தொண்டை, மூச்சுக்குழாய் மூணும் முதல்ல அடி வாங்குது. நிறைய சுவாசிச்சவங்களுக்கு நுரையீரல்ல நீர் கோக்கிறது உடனே தெரியாம சில மணி நேரம் கழிச்சுக்கூட வரலாம். சில பேருக்கு ஆஸ்துமா மாதிரி இழுப்பு பின்னாடியும் நீடிக்கலாம்.

இப்படி ஒரு ராத்திரியைப் பார்த்தவங்க கேக்கிறது ஒரே கேள்வி: “பின்னாடி எதனா வருமா டாக்டர்?”

17/
இதுக்கு ரெண்டு பதில் ரொம்ப சுலபம். “ஒண்ணும் வராதும்மா, போங்க.” இல்லன்னா, “வரலாம், யாருக்குத் தெரியும்.” முதல் பதில்ல உண்மை இல்ல, ரெண்டாவதுல பிரயோஜனம் இல்ல. சரியான பதில் கொஞ்சம் நீளம்: “இன்னைக்குப் பார்த்த வரைக்கும் நுரையீரல் நல்லா இருக்கு. பின்னாடி வரவே வராதுன்னு இப்ப சொல்ல முடியாது. படி ஏறும்போது மூச்சு இரைச்சாலோ, ராத்திரியில விசில் சத்தம் கேட்டாலோ வாங்க. அன்னைக்கு ராத்திரி நீங்க எங்க இருந்தீங்கன்னு மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

18/
அதிகாரிங்க அறிக்கை எதைப் படிச்சாலும் இதே கண்ணோட படிங்க. ‘பாதிப்பு இல்லை’ன்னு ஒரு வரி வரும். அது ‘பார்த்தோம், இல்லை’யா? இல்ல, ‘யாரும் பார்க்கல, அதனால தெரியல’யா? தமிழ்ல ரெண்டுமே ‘இல்லை’ல முடியும். யாரைப் பரிசோதிச்சாங்க, எத்தனை நாள் கழிச்சு, என்ன டெஸ்ட்? இந்த மூணும் இருந்தா அது ரூல் அவுட். இல்லன்னா அது வெறும் ஆறுதல். ஒரு நோயாளியோட சீட்டுக்குக் கேக்கிற அதே கேள்வியை ஒரு ஊரோட சீட்டுக்கும் கேக்கலாம். அதுக்கு டாக்டரா இருக்கணும்னு அவசியம் இல்ல.

19/
இந்தக் குழப்பம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்ல. அமெரிக்காவுல நோய்களுக்குக் குறியீடு போட்டுப் பதியுற விதிகள்ல, வெளிநோயாளி சீட்டுல ‘ரூல் அவுட்’னு இருந்தா அந்த நோயைப் பதியக்கூடாது, அறிகுறியை மட்டும் பதியணும்னு இருக்கு. உள்நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது ‘இன்னும் ரூல் அவுட் ஆக வேண்டியது’ன்னு எழுதியிருந்தா, நோய் இருக்கிற மாதிரியே பதியணும்னு இருக்கு. ஒரே வார்த்தை, ஓபியில ஒரு கணக்கு, வார்டுல ஒரு கணக்கு. இங்கிலீஷே பேசுற நாட்டுல இதுக்குத் தனியா விதி போட வேண்டியிருக்குன்னா, திருவொற்றியூர் பெரியவர் எப்படிச் சரியாப் படிப்பார்?

20/
சக டாக்டர்கள் இதைப் படிச்சா கேப்பாங்க: “அப்ப எழுதவே வேண்டாம்னு சொல்றியா?” இல்ல. எழுதணும். ‘ஆர்/ஓ’ன்னு எழுதுறது நேர்மை. இந்த நோயும் என் மனசுல இருக்கு, இன்னும் முடிவு பண்ணலன்னு அடுத்து பார்க்கிற டாக்டருக்குச் சொல்றது அது. நோய் பேருக்கு முன்னாடி கேள்விக்குறி போடுற பழக்கமும் நமக்கு உண்டு, அதுவும் நல்லதுதான். நான் சொல்றது, அது டாக்டருக்கு டாக்டர் எழுதுற பாஷை. சீட்டோ நோயாளி கையில போகுது. அவருக்குன்னு ஒரு வரி அதுல வேணும்.

21/
“ஓபியில முந்நூறு பேர் நிக்கிறாங்க, விளக்க நேரம் எங்க இருக்கு?” தெரியும், நானும் அதே நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். “டிபியான்னு சந்தேகம்தான், உறுதி இல்ல, சளி டெஸ்ட் எடுங்க.” இதைச் சொல்ல அஞ்சு செகண்ட். தமிழ்ல எழுதினா இன்னும் பத்து செகண்ட். “சொன்னா பயந்துடுவாங்க”ன்னு இன்னொரு வாதம். சொல்லலன்னாலும் சீட்டைப் படிச்சுப் பயப்படத்தான் போறாங்க. நம்ம முன்னாடி பயந்தா பதில் சொல்லலாம். வீட்டுக்குப் போய் கூகுள் முன்னாடி பயந்தா யாரு சொல்றது?

22/
எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்லணும். “எல்லா நோயையும் ரூல் அவுட் பண்ணிடலாம்”னு மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் விக்கிறாங்க. அப்படி ஒரு டெஸ்ட் உலகத்துல இல்ல. அறிகுறியும் இல்லாம, சந்தேகமும் இல்லாம அம்பது டெஸ்ட் எடுத்தா, ஏதாவது ஒண்ணு அளவு தாண்டித்தான் காட்டும். அதை ரூல் அவுட் பண்ண இன்னும் அஞ்சு டெஸ்ட். சுகர், பிபி, வயசுக்கேத்த புற்றுநோய் பரிசோதனை, இதெல்லாம் அவசியம் பண்ணுங்க. மத்தபடி எந்த நோயைத் தேடுறோம், ஏன் தேடுறோம்னு தெரிஞ்சாத்தான் ரூல் அவுட்டுக்கு அர்த்தம்.

23/
உங்க வேலை இதுதான். சீட்டுல ‘ஆர்/ஓ’ பார்த்தா, இல்ல நோய் பேருக்கு முன்னாடி கேள்விக்குறி பார்த்தா, நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: “இது எனக்கு இருக்குன்னு எழுதியிருக்கீங்களா, இருக்கான்னு பார்க்க எழுதியிருக்கீங்களா?”
ரெண்டு: “பார்க்கிறதுக்கு என்ன டெஸ்ட்? ரிசல்ட் எப்ப, யார்கிட்ட காட்டணும்?”
மூணு: “அதுக்குள்ள என்ன ஆச்சுன்னா நான் உடனே ஓடி வரணும்?”

24/
இப்படிக் கேட்டா டாக்டர் கோச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. சலிச்சுக்கிட்டாலும் பதில் சொல்லுவோம். படிக்கத் தெரியாத அம்மாவோ அப்பாவோ வந்தா, “ஒரு வரி தமிழ்ல எழுதிக் கொடுங்க டாக்டர்”னு கேளுங்க, அது உங்க உரிமை. இன்னொண்ணு, ரிசல்ட் வர்ற வரைக்கும் சீட்டை க்ரூப்ல போடாதீங்க. வேலை இடத்துல லீவுக்கு வந்துபோன அத்தாட்சி மட்டும் தனியா கேட்டு வாங்குங்க. நோய் பேர் எழுதின சீட்டை மேஸ்திரிகிட்ட காட்ட வேண்டிய அவசியம் இல்ல.

25/
கடைசியா ஒண்ணு. ‘ரூல்டு அவுட்’னு தெளிவாவே எழுதி வந்தாலும், அது அன்னைக்கு நிலவரம். எந்த டெஸ்ட்டும் நூத்துக்கு நூறு கிடையாது. இல்லைன்னு சொல்லி அனுப்பின அப்புறமும் அதே தொந்தரவு தொடர்ந்தா, கூடினா, “அதான் இல்லைன்னு சொல்லிட்டாங்களே”ன்னு வீட்ல உக்காந்திருக்காதீங்க. பழைய சீட்டோட திரும்பி வாங்க. திரும்பி வர்றவங்களைப் பார்த்து எந்த நல்ல டாக்டரும் “ஏன் வந்தே”ன்னு கேக்க மாட்டார்.

26/
இப்ப பீரோ மேல, சாமி படத்துக்குப் பின்னாடி, டிவி ஸ்டாண்டுல இருக்கிற மஞ்சப்பையை எடுங்க. வீட்ல பெரியவங்களோட பழைய ஓபி சீட்டுங்க அதுலதான் இருக்கும். ஆர், சாய்கோடு, ஓ எங்கயாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்த டெஸ்ட் எடுத்தாங்களா, ரிசல்ட் வாங்கினாங்களான்னு கேளுங்க. வாங்கலன்னா நாளைக்குக் காலையிலேயே அந்த சீட்டோட பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரி ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா காலைக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க.

உங்க சீட்டுல புரியாத வேற வார்த்தை இருந்தா கீழ எழுதுங்க. பேர், போட்டோ வேண்டாம், வார்த்தை மட்டும் போதும்.